ரீசார்ஜ் செல் மக்கர் பண்ணினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பாளையங்கோட்டையில் சின்ன அளவில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறேன். கோவில் கொடை விழா, கல்யாணம், காதுகுத்து என்று போய்வருகிற கார்ட்லெஸ் மைக்குகளுக்காக மட்டும் என்னிடம் 40 ரீசார்ஜ் செல்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அதனால் எங்கள் தெருவில் யார் வீட்டுச் செல் படுத்தாலும் என் மேஜைக்கு வந்துவிடும். பி.பி. பார்க்கிற மிஷினின் செல், பேரப்பிள்ளையின் பொம்மைக் கார் செல், டார்ச் செல் எல்லாம் வரும். "எய்யா, இது செத்துட்டா, உசுரு கெடக்கா, பாத்துச் சொல்லு" என்று எதிர்வீட்டு ஆச்சி கேட்பார். அப்படிப் பார்த்துப் பார்த்துச் சொல்லிப் பழகியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இதெல்லாம் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லுக்கு மட்டும். பென்சில் செல் என்று கடையில் கேட்டு வாங்கும் ஏஏ, ரிமோட்டில் போடும் ஒல்லியான ஏஏஏ இரண்டும் இதில் அடங்கும். உறையில் 1.2 வோல்ட் என்று போட்டிருக்கும். மொபைலில் உள்ள லித்தியத்துக்கும் இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் இங்கே சொல்லும் எதையும் செய்யாதீர்கள். கடையில் வாங்கிப் போட்டுத் தீர்ந்ததும் எறிகிற சாதாக் கட்டையை சார்ஜரில் வைக்கவே வேண்டாம். கசியும், சில சமயம் வெடிக்கும்.

ஸ்மார்ட் சார்ஜர் என்றால் ஒவ்வொரு ஸ்லாட்டையும் தனித்தனியாகக் கவனித்து, ஏறுகிற கரண்ட், வோல்ட், எம்.ஏ.எச். கணக்கு (செல்லில் எவ்வளவு சார்ஜ் ஏறியது, இறங்கியது என்ற அளவு) எல்லாவற்றையும் திரையில் காட்டுவது. சார்ஜ் (ஏற்றுவது), டிஸ்சார்ஜ் (இறக்குவது), டெஸ்ட் (நிரப்பி, இறக்கி எண்ணுவது), ரெஃப்ரெஷ் (திரும்பத் திரும்ப ஏற்றி இறக்குவது) என்று நாலு வேலை பார்க்கும். விலை கூடியதில் பிரேக்-இன் என்று ஐந்தாவது ஒன்று இருக்கும். சிவப்பு எரிந்து பச்சையாகிற பழைய சார்ஜரில் இவை கிடையாது.

ஒரு கணக்கை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். 2000 எம்.ஏ.எச். செல்லை நிரப்ப 2200, 2400 வரைகூட ஏற்ற வேண்டியிருக்கும், மிச்சம் சூடாகப் போய்விடும். ஆகவே "2300 ஏறியிருக்கு, செல் ஜோர்" என்று சொல்லாதீர்கள். ஓட்டைக் குடத்தில் எத்தனை செம்பு ஊற்றினோம் என்பதா கணக்கு? திருப்பி மொண்டபோது எத்தனை செம்பு வந்தது என்பதைப் பாருங்கள். செல் 0.9 அல்லது 1.0 வோல்ட்டுக்கு இறங்கும்வரை சார்ஜர் எண்ணிச் சொல்லும் டிஸ்சார்ஜ் எண்தான் அது. கீழே நான் "எண்" என்று எழுதுகிற இடமெல்லாம் இதைத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று, ஒவ்வொரு செல்லிலும் மார்க்கர் பேனாவால் ஒரு நம்பர் போடுங்கள். ஒரு பழைய டைரியில் நம்பர், தேதி, வந்த எண் மூன்றையும் குறித்து வையுங்கள். டைரி இல்லாமல் இந்த வேலை விளங்காது.

சார்ஜர் செல்லைக் கண்டுகொள்ளவே இல்லை

செல்லை வைத்தாலும் திரை சும்மா இருக்கிறது, அல்லது ஒன்றுமில்லை என்று காட்டுகிறது. முதலில் திருப்பி வைத்துவிட்டோமா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், பாதி நேரம் அதுதான். அடுத்து செல்லின் இரண்டு முனைகளையும் உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்து வேறு ஸ்லாட்டில் வையுங்கள். அங்கே பிடித்துக்கொண்டால் குற்றம் செல்லில் இல்லை, முதல் ஸ்லாட்டில். சார்ஜரை பிளக்கிலிருந்து உருவிவிட்டு, காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஸ்பிரிட் தொட்டு அந்த ஸ்லாட்டின் தகட்டைத் துடையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். மேல் பூச்சு போய்விட்டால் அடுத்த மாதமே துரு ஏறும். உவரிப் பக்கம் கடற்கரை ஊர்களுக்குப் போய்வந்த மைக்குகளின் ஸ்பிரிங்கை நான் வந்த கையோடு துடைத்துவிடுவேன். உப்புக் காற்று பொறுத்திருக்காது.

எந்த ஸ்லாட்டிலும் பிடிக்கவில்லை என்றால் மல்டிமீட்டரை எடுங்கள். 1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இன்னும் முனை அழுக்குதான், திரும்பத் துடையுங்கள். 0.8-க்குக் கீழே, அல்லது கிட்டத்தட்ட பூஜ்யம் என்றால் செல் அடிமட்டத்துக்கு வற்றிவிட்டது. பொம்மையின் சுவிட்சை அணைக்காமல் அலமாரியில் போட்டுவிட்டால் இப்படி ஆகும். வோல்ட் இவ்வளவு குறைவாக இருந்தால் செல் இருப்பதே ஸ்மார்ட் சார்ஜருக்குத் தெரியாது.

இங்கேதான் அந்தப் பழைய பச்சை விளக்கு சார்ஜருக்கு மரியாதை. அதற்கு எதையும் சோதிக்கத் தெரியாது, வைத்ததும் கரண்டைத் தள்ளும். அதில் 5 முதல் 10 நிமிஷம் வைத்து, 1 வோல்ட் தாண்டியதும் ஸ்மார்ட் சார்ஜருக்கு மாற்றுங்கள். நல்ல செல்லோடு கம்பி போட்டு இணைத்து உயிர் கொடுப்பவர்களும் உண்டு. கம்பி சுடும், கை நழுவினால் ஷார்ட் ஆகும். நான் அதைச் செய்வதில்லை, பிள்ளைகள் இருக்கும் வீட்டில் நீங்களும் வேண்டாம்.

மீட்டர் மைனஸ் காட்டினால், அந்தச் செல்லை அதனோடு போட்டிருந்த மற்ற செல்கள் தலைகீழாக்கியிருக்கின்றன. மூன்று பலசாலிகளோடு ஒரு நோஞ்சான் சேர்ந்தால் அப்படித்தான். உயிர் கொடுத்தால் வரலாம், ஆனால் பழைய பலம் இருக்காது. உயிர் கொடுத்து ஒரு மணி நேரத்தில் மறுபடி பூஜ்யத்துக்குப் போகிற செல் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகியிருக்கிறது. அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

பத்தே நிமிஷத்தில் ஃபுல் என்கிறது

ஏற்கெனவே நிரம்பிய செல்லாக இருக்கலாம், அதை முதலில் பாருங்கள். டிஸ்சார்ஜ் போட்டால் தெரிந்துவிடும். 1800, 1900 என்று இறங்கினால் ஒரு குறையும் இல்லை. 200, 300-இல் தீர்ந்துவிட்டால் மேற்கொண்டு படியுங்கள்.

செல் நிரம்பிவிட்டது என்று சார்ஜருக்கு எப்படித் தெரியும்? ஏற ஏற வோல்ட் கூடிக்கொண்டே போகும். நிரம்பியதும் ஒரு துளி, சில மில்லிவோல்ட் அளவுக்கு, கீழே இறங்கும். அந்தச் சறுக்கலைப் பார்த்ததும் சார்ஜர் நிறுத்திவிடும். மாதக்கணக்கில் சும்மா கிடந்த செல்லில் உள்தடை, அதாவது கரண்ட் ஓடுவதைச் செல்லே உள்ளுக்குள் தடுப்பது, கூடியிருக்கும். அதில் வோல்ட் கண்டபடி ஏறி இறங்கும், சார்ஜர் ஏமாந்துபோய் ஃபுல் என்று அறிவித்துவிடும்.

கொரோனாவால் 2020-இலும் 2021-இலும் ஊர்களில் கொடை நின்றுபோனதே, அப்போது என் செல்கள் எல்லாம் பெட்டிக்குள் தூங்கின. எடுத்து சார்ஜரில் வைத்தபோது பாதிக்கு மேல் இந்தக் கேஸ்தான். எல்லாவற்றையும் எறியச் சொன்னான் என் தம்பி. நான் ரெஃப்ரெஷ் போட்டேன். அது ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றி, எண் கூடுவது நிற்கும்வரை சுற்றிக்கொண்டிருக்கும். டைரியில் 4-ஆம் நம்பர் செல்லுக்கு எழுதியிருப்பது இது: முதல் சுற்று 640, இரண்டாவது 1310, மூன்றாவது 1720, நான்காவது 1760. அதோடு நிறுத்திவிட்டேன். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் வித்தியாசம் 50-க்குள் வந்துவிட்டால் மேலே சுற்றுவதில் லாபம் இல்லை. ஒவ்வொரு சுற்றும் செல்லின் ஆயுளில் ஒன்றைக் கழிக்கிறது.

இரண்டு சுற்றுக்கும் அசையாத செல்லுக்கு பிரேக்-இன் இருந்தால் போடுங்கள். செல்லின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு கரண்டில் 16 மணி நேரம் மெல்ல ஏற்றி, ஒரு மணி நேரம் ஓய்வு கொடுத்து, ஐந்தில் ஒரு பங்கு கரண்டில் இறக்கி அளந்து, மறுபடி 16 மணி நேரம் ஏற்றுவது அது. செல் செய்கிறவர்கள் கொள்ளளவை அளக்கச் சர்வதேச அளவில் வைத்திருக்கும் முறையை ஒட்டியது. 2000 செல்லுக்கு 200 மில்லி ஆம்பியர் கரண்டில் ஏற்றி 400-இல் இறக்கும். முழுதாக முடிய ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும். தொடங்கும்போது செல்லின் கொள்ளளவைச் சரியாகக் கொடுங்கள். ஏஏஏ வைத்துவிட்டு 2000 என்று கொடுத்தால் பாவம், வெந்துவிடும்.

"தினமும் சுத்தமாகத் தீர்த்துவிட்டுத்தான் சார்ஜ் போடணுமாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. அது பழைய நிக்கல் காட்மியம் காலத்துப் பேச்சு. இந்தச் செல்லைப் பாதியிலும் ஏற்றலாம். ரெஃப்ரெஷ் வருஷத்துக்கு ஒருமுறையோ இரண்டு முறையோ போதும்.

ஃபுல் காட்டியது, போட்டால் நிற்கவில்லை

என்னை ஸ்மார்ட் சார்ஜர் வாங்க வைத்தது இந்த அறிகுறிதான். கல்லிடைக்குறிச்சிக்கு அந்தப்புறம் ஒரு கிராமத்தில் சுடலைமாடன் கோவில் கொடை. சாமக்கொடை நேரம், வில்லுப்பாட்டு உச்சத்தில் இருக்கிறது, உடுக்கைச் சத்தத்தில் இரண்டு பேருக்கு அருள் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பாட்டுக்காரர் கையில் இருந்த மைக் ஊமையாகிவிட்டது. "அண்ணாச்சி, மைக்கு நின்னுட்டு!" என்று ஒரு பையன் கத்திக்கொண்டு ஓடி வருகிறான். வேறு ஜோடி போட்டேன், இருபது நிமிஷம்கூட வரவில்லை. வந்திருந்த அத்தனை செல்லும் அன்று மத்தியானம்தான் பச்சை விளக்கு காட்டியவை. மீதி ராத்திரியை வயர் மைக்கில் ஓட்டினேன். ஊர்ப் பெரியவர் சம்பளத்தைக் குறைக்கவில்லை, ஆனால் அடுத்த வருஷம் கூப்பிடவும் இல்லை.

பிறகு ஸ்மார்ட் சார்ஜரில் வைத்துப் பார்த்தபோது முதல் ஜோடியில் ஒன்று 1850, மற்றது 420. மைக்கில் இரண்டு செல்லும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. ரெட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு படுத்துவிட்டால் மற்ற மாட்டின் பலத்தால் என்ன பிரயோஜனம்? பழைய சார்ஜர் இரண்டிரண்டாகச் சேர்த்து ஏற்றுவது, இரண்டுக்கும் ஒரே விளக்கு. நோஞ்சான் சீக்கிரம் நிரம்பிச் சூடாகி இன்னும் கெடும், நல்லது அரைகுறையாக நிற்கும். அந்த விளக்கு எரிந்தது நேரம் முடிந்ததால், செல் நிரம்பியதால் இல்லை.

ஆகவே இந்த அறிகுறி வந்தால் செட்டில் உள்ள எல்லாச் செல்லையும் சேர்த்து எடுத்துத் தனித்தனியாக டெஸ்ட் போடுங்கள். பெரும்பாலும் ஒன்றுதான் கள்ளன். அவனை விலக்கிவிட்டு, எண் 100-க்குள் நெருங்கியிருக்கும் செல்களை ஜோடி சேருங்கள். சேர்த்த ஜோடியைப் பிரிக்காதீர்கள், ஒன்றாகவே ஏற்றி ஒன்றாகவே போடுங்கள். நான் ஜோடிக்கு ஒரு ரப்பர் பேண்ட் போட்டு வைப்பேன்.

எல்லாம் 1800-க்கு மேல் வந்து, அப்படியும் நிற்கவில்லை என்றால் கசிவு. தண்ணீர் மாதிரி வெளியே ஒழுகுவது இல்லை, சும்மா இருக்கும்போதே சார்ஜ் உள்ளுக்குள் கரைவது. இதைக் கண்டுபிடிக்கும்போது பலர் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. டெஸ்ட் முறை பல சார்ஜர்களில் முதலில் செல்லை நிரப்பிவிட்டு அப்புறம்தான் இறக்கி எண்ணும். அப்படியானால் கரைந்துபோன பங்கை அதுவே ஊற்றி நிரப்பிவிடுகிறது, குற்றம் மறைந்துபோகிறது. எனவே இப்படிச் செய்யுங்கள்: செல்லை நிரப்பி, எடுத்து, ஒரு வாரம் டப்பாவில் போட்டு வையுங்கள். பிறகு டெஸ்ட் போடாமல் நேராக டிஸ்சார்ஜ் மட்டும் போடுங்கள். 1850 தரும் செல் வாரம் கழித்து 1750 தந்தால் சரி. 1100 தந்தால் அது ஏற்றிய அன்றைக்கே பயன்படுத்த வேண்டிய செல். டார்ச்சுக்கோ ரிமோட்டுக்கோ ஆகாது.

பழைய வகைச் செல்களுக்கு இது பிறவிக் குணம், மாதக் கணக்கில் வைத்தால் காலியாகிவிடும். 2005-இல் ஜப்பானின் சான்யோ நிறுவனம் எனலூப் என்ற பெயரில் மெதுவாகக் கரைகிற செல்லைக் கொண்டுவந்தது. ஒரு வருஷம் வைத்தாலும் பெரும்பகுதி மிஞ்சும். இன்று பல கம்பெனிகள் அந்த வகையைச் செய்கின்றன. உறையில் 'ஏற்கெனவே சார்ஜ் செய்தது, வாங்கியதும் போடலாம்' என்ற பொருளில் எழுதியிருந்தால் அந்த ரகம். புதிதாக வாங்குவதாக இருந்தால் இதையே வாங்குங்கள், எண் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை.

கசிவும் இல்லை, ஆனால் பொம்மைக் கார் மட்டும் நகரவில்லையா? உள்தடை. அப்படிப்பட்ட செல் 200-இல் இறக்கினால் 1700 தரும், 1000-இல் இறக்கினால் பாதியிலேயே மூச்சு வாங்கும். சில சார்ஜர்கள் மில்லி ஓம் கணக்கில் இதைக் காட்டும். நல்ல ஏஏ செல் பெரும்பாலும் 20-லிருந்து 60-க்குள் வரும், 150 தாண்டினால் சந்தேகம். ஒருமுறை பார்த்து முடிவு கட்டாதீர்கள். செல்லை ஸ்லாட்டில் ஒரு சுற்றுத் திருகி வைத்தாலே இந்த ஓம் கணக்கு மாறும், முனையில் உள்ள அழுக்கையும் சேர்த்துத்தான் அது அளக்கிறது.

மணிக்கணக்கில் ஏறுகிறது, தொட்டால் சுடுகிறது

நிரம்பும் நேரத்தில் செல் வெதுவெதுப்பாவது இயல்பு. விரல் வைத்தால் மூன்று எண்ணும்வரைகூடப் பொறுக்கவில்லை என்றால் எடுத்துவிடுங்கள்.

மெல்ல ஏற்றினால் செல்லுக்கு நல்லது என்று பலரும் சார்ஜரில் இருப்பதிலேயே குறைந்த கரண்டை வைக்கிறார்கள். ஸ்மார்ட் சார்ஜரில் இது பாதிதான் சரி. நான் மேலே சொன்ன சறுக்கல், கரண்ட் ரொம்பக் குறைவாக இருந்தால் தெளிவாகத் தெரியாது. செல் நிரம்பிய பிறகும் சார்ஜர் ஊற்றிக்கொண்டே இருக்கும். கொள்ளளவில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். 2000 ஏஏ செல்லுக்கு 1000, 800 ஏஏஏ செல்லுக்கு 400. தேய்ந்த செல்லிலும் இந்தச் சறுக்கல் மங்கிவிடும், அதனால் திரையில் ஏறிய கணக்கையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள். 2000 செல்லில் 3000 ஏறியும் நிற்கவில்லை என்றால் கையால் நிறுத்துங்கள்.

செல்லின் மேல் பழி போடும் முன் ஊர் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கத்திரியில் பாளையில் வெயில் 40 டிகிரியைத் தொடும். அஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே சொல்லவே வேண்டாம். அந்தச் சூட்டில் செல் கரண்டைச் சரியாக வாங்காது, ஏற்றுவதில் பெரும்பங்கு இன்னும் சூடாகத்தான் மாறும். சில சார்ஜர்கள் தாங்களே பாதியில் நின்றுவிடும். சித்திரை, வைகாசி மாதங்களில் விடிகாலை நாலு மணிக்கு எழுந்து சார்ஜ் போடுவேன். சார்ஜரை டி.வி. மேலோ ஃபிரிட்ஜ் மேலோ வைக்காமல் வெறும் தரையில் ஃபேன் காற்றுப் படும்படி வையுங்கள். இரண்டு செல் மட்டும் என்றால் ஓரத்து ஸ்லாட்டுகளில் ஒன்றும் நாலுமாக வையுங்கள். டிஸ்சார்ஜ் ஓடும்போது சார்ஜரின் உடம்பே சுடுவது வேறு விஷயம். இறக்கும் கரண்ட் போவதற்கு வேறு இடம் இல்லை, அங்கேதான் எரிகிறது.

புதுச் செல், உறையில் போட்ட எண் வரவில்லை

புதிதாக வந்த செல் முதல் இரண்டு, மூன்று சுற்றுகளில் முழு எண்ணைத் தராது. மூன்றாவது டெஸ்டைத்தான் நான் டைரியில் எழுதுவேன். நூறு, நூற்றைம்பது குறைவு ஒரு குறையே இல்லை. வேகமாக இறக்கினால் எண் குறையும், ஒரு சார்ஜருக்கும் இன்னொன்றுக்கும் கொஞ்சம் மாறும். பல கம்பெனிகள் பெரிதாக 2000 போட்டுவிட்டு, குறைந்தது 1900 என்று பொடியெழுத்தில் எழுதுவதும் உண்டு.

பாதிகூட வரவில்லை என்றால் உறை பொய் சொல்கிறது. ஏஏ அளவில் உண்மையான நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் 2700-க்கு மேல் போவது அபூர்வம். ஒரு திருவிழாக் கடையில் 3600 என்று போட்ட செல் நாலை ஆசைப்பட்டு வாங்கினேன். வந்த எண் 540. எடை போட்டால் முதலிலேயே பிடித்திருக்கலாம். நல்ல ஏஏ செல் 26-லிருந்து 30 கிராம் இருக்கும், ஏஏஏ 12, 13 கிராம். டவுனில் நகைக்கடையில் இருக்கும் என் சேக்காளியின் தராசில் வைத்தோம். 17 கிராம்! "ஏல, இதுல தங்கத்த விட சேதாரம் கூடலா இருக்கு" என்று அவன் சிரித்தான்.

காலையில் பார்த்தால் கணக்கு அழிந்திருக்கிறது

ராத்திரி டெஸ்ட் போட்டுவிட்டுப் படுத்தீர்கள், விடிந்தால் திரையில் பூஜ்யத்திலிருந்து ஏதோ ஓடுகிறது. நடுவில் கரண்ட் போய் வந்திருக்கும். பல சார்ஜர்களுக்கு ஞாபகம் கிடையாது, கரண்ட் வந்ததும் முதலிலிருந்து சாதா சார்ஜில் ஆரம்பித்துவிடும். இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள். பிரேக்-இன் போடும் முன் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு அறிவிப்பைப் பேப்பரில் பார்த்துக்கொள்வது என் பழக்கம். 30 மணி நேரம் ஓடிய பிறகு காலை 9 மணிக்கு லைனை நிறுத்தினால் வயிறு எரியும்.

கரண்ட் போகாமலே இப்படி ஆனால் அடாப்டரைப் பாருங்கள். மொபைல் பின்னில் ஓடும் சார்ஜர்களுக்கு 2 ஆம்பியர் தேவைப்படும். வீட்டில் கிடக்கும் பழைய 1 ஆம்பியர் அடாப்டரைச் செருகினால் நாலு செல்லும் ஏறத் தொடங்கியதும் மூச்சுத் திணறி அணைந்து அணைந்து எரியும்.

ஃபுல் செல் போட்டும் சாதனம் பேட்டரி குறைவு என்கிறது

சாதாக் கட்டை 1.5 வோல்ட், இது 1.2. சாதனம் சாதாக் கட்டையை மனதில் வைத்து எச்சரிக்கிறது. நாலு செல் போடும் பி.பி. மிஷினில் முதல் நாளே அந்தக் குறி வரலாம், அளவு சரியாக வரும்வரை கண்டுகொள்ள வேண்டாம். சிலவற்றில் செல் வகையை மாற்றிவைக்க வழி இருக்கும், என் மைக் ரிசீவரில் உண்டு. சுவர்க் கடிகாரத்துக்கு ரீசார்ஜ் செல் தேவையே இல்லை. அது சொட்டுச் சொட்டாகக் குடிக்கும், ஒரு சாதாக் கட்டையே வருஷம் ஓடும்.

வெள்ளைப் பொடி, நனைந்த செல்

முனையில் உப்புப் பூத்ததுபோல் வெள்ளையாக இருந்தால் உள்ளே இருக்கும் பொட்டாசியம் காரம் வெளியே வந்து காய்ந்திருக்கிறது. அந்தச் செல் போய்விட்டது. சாதனத்தின் ஸ்பிரிங்கில் ஒட்டியதை எலுமிச்சைச் சாறு தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு தண்ணீர் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். காரத்துக்குப் புளிப்பு மருந்து, புளியங்குடி எலுமிச்சை என்றால் அரைப் பழம் போதும். கையுறை போடுங்கள். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி டாக்டரிடம் ஓடுங்கள்.

நனைந்தது வேறு கதை. 2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணி கரைபுரண்டு திருநெல்வேலி ஜங்ஷன் பக்கமெல்லாம் வெள்ளம் நின்றபோது என் குடோனில் ஒரு செல் பெட்டி இரண்டு நாள் சேற்றுத் தண்ணீரில் கிடந்தது. 24 செல்கள். நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, நிழலில் மூன்று நாள் காயவைத்தேன். வெயிலில் போடவில்லை. பிறகு ஒவ்வொன்றாக டெஸ்ட் போட்டதில் 19 பழைய எண்ணுக்குப் பக்கத்தில் வந்தன. செல் இறுக மூடிய டப்பா, சீக்கிரம் எடுத்துவிட்டால் தப்பித்துவிடும். கூடவே நனைந்த சார்ஜரை மட்டும் பிளக்கில் செருகிப் பார்க்காமலே தூக்கிப் போட்டேன். மின்சாரத்தோடு விளையாட மனம் வரவில்லை.

எதுவும் பலிக்கவில்லை

ரெஃப்ரெஷ், பிரேக்-இன் எல்லாம் பார்த்தும் எண் ஏறவில்லையென்றால் செல்லுக்கு வேலையை மாற்றிக் கொடுங்கள். நான் வைத்திருக்கும் கணக்கு இது. உறை எண்ணில் 80 சதவீதத்துக்கு மேல் தருவது மைக்குக்கு. 60-லிருந்து 80 வரை டார்ச், பொம்மை. அதற்குக் கீழே, கசிவு இல்லாமல் இருந்தால், ரிமோட். 40-க்கும் கீழே போனது, சூடேறுகிறது, உப்பியது, உறை கிழிந்தது எல்லாம் வெளியே.

வெளியே என்றால் குப்பைத்தொட்டியும் இல்லை, போகிக்குக் கொளுத்துகிற தீயும் இல்லை. மத்திய அரசின் 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி பயன்படுத்திய பேட்டரியை வீட்டுக் குப்பையோடு கலக்கக் கூடாது, திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு. இரண்டு முனைகளிலும் டேப் ஒட்டி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து வைத்து, மின்கழிவு வாங்குகிற இடத்தில் மொத்தமாகக் கொடுத்துவிடுவேன். கொடுக்கும் முன் டைரியில் அந்த நம்பரை அடித்துவிடுவேன், இல்லாவிட்டால் புதுச் செல்லுக்கும் அதே நம்பர் போட்டுக் குழம்பிவிடும். 4-ஆம் நம்பர் இன்னும் அடிபடவில்லை. சென்ற மாதம் 1090 வந்தது, இப்போது எதிர்வீட்டு ஆச்சியின் ரிமோட்டில் இருக்கிறது.